14 நிமிடத்துக்கு ஓர் ஆள்

2024 பிப்ரவரி 9, அதிகாலை ஒன்றரை மணி. நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் பிற்பகல் 3 மணி. அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை டிரேட் செய்துகொள்ள அதுதான் கடைசிக் கெடு. வருடா வருடம் அந்த இரவு நான் தூங்குவதில்லை. நண்பர்கள் எல்லாம் பெரிய பெயர் ஏதாவது இடம் மாறுமா என்று பார்ப்பார்கள். நான் பார்ப்பது வேறு ஆட்களை. கூடை ரிங்குக்குக் கீழே நின்று ஆடும் உயரமான ஆள்தான் சென்டர்; முதல் சென்டர் மூச்சு வாங்க வெளியே வரும்போது உள்ளே போகிறாரே, அந்த இரண்டாவது சென்டர்களை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் மூன்று வருடம் நான் இரண்டாவது சென்டர். முதல் சென்டர் எனக்கு சீனியர். எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று அங்குலம் உயரம், கை இன்னும் நீளம். நான் ஆடிய முதல் பெரிய டோர்னமென்ட்டில் இரண்டாவது குவார்ட்டரிலேயே அண்ணன் மூன்றாவது ஃபவுல் வாங்கிவிட்டார். நான் எழுந்து டி-ஷர்ட்டைக் கழற்றும்போது கோச் சார் என் தோளைப் பிடித்தார். "தம்பி, நீ பாயிண்ட் போட வேணாம். அண்ணன் திரும்பி வர்ற வரைக்கும் ரிங்குக்குக் கீழ வீட்டைப் பாத்துக்க. நாம ஆடிக்கிட்டு இருக்கற ஆட்டம் மாறக் கூடாது, அவ்வளவுதான்."

ஆட்டம் மாறக் கூடாது என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் இன்றும் மாற்று சென்டர்களை எடை போடுகிறேன். எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) என்பதெல்லாம் எனக்கு அடுத்த கேள்விகள். இவர் உள்ளே இருக்கும்போது அந்த அணி தன் ஆட்டத்தையே ஆடுகிறதா, அல்லது இவருக்காக வேறொரு ஆட்டத்துக்கு மாறுகிறதா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

என்பிஏவில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். நல்ல சென்டர் ஒருவர் 34 நிமிடம் ஆடினால் பெரிய விஷயம். மிச்சம் 14. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கோப்பைக்கான நாக்-அவுட் தொடர்களான பிளே-ஆஃபில் ஆட்டங்கள் ஐந்து, ஏழு புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன. அந்த 14 நிமிடத்தில் எட்டுப் புள்ளி நழுவினால், மீதி 34 நிமிடம் கட்டிய வீடு சரிந்துவிடும். முதல் சென்டருக்குக் கணுக்காலோ முழங்காலோ பிசகிவிட்டால் 14 என்பது 30 ஆகும். உயரமான உடம்புகள் அடிக்கடி உடைகின்றன.

அந்த பிப்ரவரியில் நான்கு பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வாஷிங்டனில் டேனியல் காஃபர்ட், மெம்ஃபிஸில் சேவியர் டில்மன், அதே மெம்ஃபிஸில் காயத்தோடு உட்கார்ந்திருந்த ஸ்டீவன் ஆடம்ஸ், சிகாகோவில் ஆண்ட்ரே டிரம்மண்ட். கெடு முடிந்தபோது மூவர் இடம் மாறியிருந்தார்கள். ஒருவர் மாறவில்லை.

மாறாதவரிலிருந்தே தொடங்குகிறேன். எண்களை மட்டும் பார்த்தால் அந்த நால்வரில் டிரம்மண்ட்தான் முதல் ஆள். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 17 நிமிடம் ஆடி 9 ரீபவுண்ட் எடுத்தார். 2023 டிசம்பரில் முதல் சென்டர் இல்லாத ஒரு நாளில் அட்லாண்டாவுக்கு எதிராக 24 புள்ளி, 25 ரீபவுண்ட். பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. அது ஒரு வரம். ஆனாலும் அவருக்காக எந்த அணியும் சிகாகோ கேட்ட விலையைக் கொடுக்க முன்வரவில்லை. சிகாகோவும் அந்தக் கெடுவில் ஒரு டிரேட்கூடச் செய்யவில்லை. கோடையில் ஒப்பந்தம் முடிந்து அவர் ஃபிலடெல்ஃபியா போனார். சிகாகோவுக்குக் கைம்மாறாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் யாரும் கொடுக்கவில்லை? எதிரணியில் பந்தை ஓட்டி வரும் கார்டு, தன் அணி ஆள் மறித்து நிற்கும் ஒரு ஸ்கிரீனைச் சுற்றி வெளியே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஷாட் போடும் ஆள். சென்டர் முன்னேறி வந்து மறிக்க வேண்டும், மறித்த கையோடு ரிங்குக்கு ஓடித் திரும்ப வேண்டும். முப்பது வயதில், அந்த உடம்போடு, அதைத் திரும்பத் திரும்பச் செய்வது டிரம்மண்டுக்குக் கடினம். வழக்கமான பருவத்தில் எதிரணிகள் அதை அவ்வளவு நோண்டுவதில்லை. பிளே-ஆஃபில் அதையே பத்து முறை செய்ய வைப்பார்கள். 9 ரீபவுண்ட் என்ற எண்ணில் இது தெரியாது. அவரை எடுத்த அணி அந்த 17 நிமிடமும் அவருக்கு ஏற்றாற்போல் தன் தடுப்பாட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி காஃபர்ட். இவர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2021 மார்ச் 25 அன்று நடந்த ஒரு மூன்று அணி டிரேடில், என் கண்ணுக்கு, மாற்று சென்டர் சந்தையின் முழு வரலாறும் இருக்கிறது. அதில் பாஸ்டனிலிருந்து டேனியல் டைஸ் சிகாகோ போனார். சிகாகோவிலிருந்து காஃபர்ட் வாஷிங்டன் போனார், லூக் கார்னெட் பாஸ்டன் போனார். வாஷிங்டனிலிருந்து மோரிட்ஸ் வாக்னர் பாஸ்டன் வந்தார். ஒரே டிரேடில் நான்கு பெரிய ஆட்கள். அதே நாளில் சிகாகோ இரண்டு முதல் சுற்று பிக் (புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வு உரிமை) கொடுத்து ஆர்லாண்டோவிலிருந்து நிகோலா வுசெவிச்சையும் வாங்கியது.

அன்றைய கணக்கில் நால்வரில் மதிப்பு மிக்கவர் டைஸ்தான். அனுபவம், தடுப்பாட்டம், கொஞ்சம் வெளி ஷாட். ஆனால் அந்தக் கோடையிலேயே அவர் ஹூஸ்டன் போய்விட்டார். வாக்னரைச் சில வாரங்களிலேயே பாஸ்டன் விடுவித்தது. அவர் ஆர்லாண்டோவில் பெஞ்சிலிருந்து வந்து புள்ளி குவிக்கும் ஆளாக வளர்ந்தார். இருவரும் 2023இல் ஜெர்மனிக்காக ஒரே அணியில் ஆடி மணிலாவில் உலகக் கோப்பை வென்றார்கள். கார்னெட் நடுவே வெளியே போய்த் திரும்பி வந்து, 2024இல் பாஸ்டனோடு என்பிஏ கோப்பையைத் தூக்கினார். 2025 கோடையில் சான் அன்டோனியோ அவரோடு நான்கு வருட ஒப்பந்தம் போட்டது. நால்வரில் இளையவரான காஃபர்ட், அப்போது 22 வயது, 2019 டிராஃப்டில் 38ஆவதாகப் போன ஆள், வாஷிங்டனின் தோல்விப் பருவங்களில் யாரும் பார்க்காத ஆட்டங்களில் தினமும் ரிங்கைக் காத்துக்கொண்டிருந்தார். மாற்று சென்டரின் விலையை டிரேட் நடக்கும் நாளில் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த நால்வரைத்தான் காட்டுவேன்.

டாலஸுக்கு காஃபர்ட் வந்த வழி இன்னும் சுவையானது. ஏனென்றால் அந்த வழி ஓக்லஹோமா சிட்டி ஊடாகப் போகிறது.

2023 ஜூன் டிராஃப்டில் டாலஸ் கையில் 10ஆவது இடம் இருந்தது. அதை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து 12ஆவது இடத்துக்கு இறங்கியது. கூடவே டேவிஸ் பெர்டான்ஸின் சம்பளச் சுமையையும் அவர்கள் தலையில் இறக்கியது. 12ஆவது இடத்தில் டாலஸ் எடுத்தது டியூக் பல்கலைக்கழகத்தின் டெரெக் லைவ்லி என்ற 19 வயது சென்டரை. பெர்டான்ஸ் போனதால் கிடைத்த இடத்தில் சாக்ரமெண்டோவிலிருந்து ரிச்சான் ஹோம்ஸ் வந்தார். எட்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், வாஷிங்டன் காஃபர்டுக்கு ஒரு முதல் சுற்று பிக் கேட்டது. டாலஸிடம் கொடுக்கத் தோதான பிக் இல்லை. மறுபடி ஓக்லஹோமாவிடமே போனார்கள். அவர்கள் தங்களிடமிருந்த 2024 முதல் சுற்று பிக்குகளில் கடைசியான ஒன்றைக் கொடுத்து, 2028இல் டாலஸோடு பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அந்த பிக்கும் ஹோம்ஸும் வாஷிங்டன் போக, காஃபர்ட் டாலஸ் வந்தார். ஹோம்ஸின் சம்பளமும் காஃபர்டின் சம்பளமும் 1.2 கோடி டாலரை ஒட்டியே இருந்ததால் கணக்கு பொருந்திவிட்டது.

ஆக, டாலஸின் இரண்டு சென்டர்களும் ஓக்லஹோமா திறந்துவிட்ட கதவு வழியாக வந்தவர்கள். அந்த வருடம் மே மாதம் இரண்டாம் சுற்றில் இந்த இரண்டு அணிகளும் மோதின.

காஃபர்டுக்கு ஒரு முதல் சுற்று பிக் அதிகம் என்று அன்று இரவு நானும் எழுதினேன். மாற்று சென்டருக்கு யாராவது அவ்வளவு கொடுப்பார்களா என்று நினைத்தேன். நான் பார்க்கத் தவறியது அப்போதைய டாலஸ் நட்சத்திரம் லூகா டான்சிச்சின் ஆட்டத்தை. லூகா பந்தோடு வரும்போது சென்டர் ஸ்கிரீன் போட்டுவிட்டு ரிங்கை நோக்கி ஓடுவான். எதிரணி லூகாவிடம் இருவரை அனுப்பினால் ரிங்குக்கு மேலே லாப் என்ற தூக்கிப்போடும் பாஸ் போகும், சென்டர் அதைப் பிடித்து உள்ளே அமுக்கும் டங்க் விழும். லைவ்லி இருந்தால் இது நடக்கும். லைவ்லி வெளியே போனால், அதுவரை வந்த மாற்று ஆட்கள் அந்த உயரத்தில் பந்தைப் பிடிக்கிறவர்கள் இல்லை. லூகா தனியாக இழுக்க வேண்டியிருக்கும். காஃபர்ட் வந்த பிறகு 48 நிமிடமும் ரிங்குக்கு மேலே ஒரு கை இருந்தது. மார்ச்சில் அவரே தொடக்க ஆட்டக்காரர் ஆனார், லைவ்லி பெஞ்சிலிருந்து வந்தார். யார் முதல், யார் இரண்டாவது என்பதற்கே பொருளில்லாமல் போயிற்று. கடைசி 20 ஆட்டங்களில் டாலஸ் 16 வென்றது. அதே மார்ச்சில் காஃபர்ட் தொடர்ச்சியாக 33 ஷாட்டுகளை நழுவவிடாமல் போட்டார். 1967இல் வில்ட் சேம்பர்லைன் போட்ட 35 மட்டுமே அதற்கு மேல். பருவ முடிவில் 72.5 சதவீதத்தோடு ஷாட் துல்லியத்தில் என்பிஏவிலேயே முதலிடம்.

33 ஷாட் தவறாமல் போட்டது காஃபர்டின் திறமை மட்டுமா? இல்லை. வாஷிங்டனிலும் அவர் அதே கைதான், அதே தாவல்தான். அவருக்குப் பந்து வந்த இடம் மாறியது. நல்ல வயலும் தண்ணீரும் கிடைத்த விதைபோல அவர் டாலஸில் முளைத்தார்.

மே 18, ஆறாவது ஆட்டம். நமக்கு 19ஆம் தேதி ஞாயிறு காலை ஐந்தரை. டாலஸ் 17 புள்ளி பின்தங்கி, துரத்தி வந்து, 117-116 என்று வென்று தொடரை முடித்தது. லைவ்லி 12 புள்ளி, 15 ரீபவுண்ட். அந்தத் தொடர் முழுக்க ஓக்லஹோமா பக்கம் செட் ஹோம்கிரன் என்ற ஒற்றை ஒல்லிக் கம்பம். டாலஸ் பக்கம் மாறி மாறி வரும் இரண்டு தூண்கள். அதே பிப்ரவரியில் ஓக்லஹோமா தேடிப்போய் வாங்கியது கார்டன் ஹேவர்டை, விங் என்ற ஓரத்து ஆட்டக்காரரை. பெரிய ஆள் என்று பிஸ்மாக் பியோம்போவை மட்டும் டிரேடுக்கு வெளியே சேர்த்துக்கொண்டது.

ஓக்லஹோமாவை நான் குறை சொல்லவில்லை. 10ஆவது இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த கேசன் வாலஸ் அருமையான தடுப்பாட்டக்காரர். தோற்ற ஏழு வாரத்துக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். நியூயார்க்கில் மாற்று சென்டராக இரண்டு வருடத்துக்கு 1.6 கோடி டாலருக்குச் சேர்ந்து, மிட்செல் ராபின்சனின் காயத்தால் முதல் சென்டர் ஆகிவிட்டிருந்த ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்று வருடம், 8.7 கோடி டாலருக்கு அழைத்து வந்தார்கள். நியூயார்க்கால் விதிகளின்படி அந்தத் தொகையைத் தொட முடியவில்லை. அடுத்த ஜூனில் ஓக்லஹோமா கோப்பையை வென்றது. இரண்டாவது பெரிய ஆள் இல்லாததன் விலையை அவர்கள் ஒரு மே மாதத்தில் கற்றுக்கொண்டு ஜூலையில் கட்டினார்கள்.

இன்னொரு சின்னத் தகவல். எனக்கு ரொம்பப் பிடித்தது. வாஷிங்டனுக்குப் போன அந்த முதல் சுற்று பிக் 26ஆவது இடமாக விழுந்தது. வாஷிங்டன் அதை நியூயார்க்குக்குக் கொடுத்தது. நியூயார்க்கிடமிருந்து ஐந்து இரண்டாம் சுற்று பிக் கொடுத்துத் திரும்ப வாங்கியது யார்? ஓக்லஹோமா சிட்டியேதான்.

டில்மன் பக்கம் வருவோம். காஃபர்ட் ஆறடி பத்து அங்குலம் என்றால் இவர் அதைவிடக் குள்ளம். தாவல் கிடையாது. லாப் பிடிக்கமாட்டார். சம்பளம் அந்தப் பருவத்தில் 20 லட்சம் டாலரைத் தொடவில்லை. பாஸ்டன் கொடுத்தது லமார் ஸ்டீவன்ஸையும் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளையும்.

மேலோட்டமாக வைத்துப் பார்த்தால் காஃபர்டும் இவரும் ஒரே தராசில் நிற்கவே முடியாது. இடம் மாற்றிப் பாருங்கள். காஃபர்டை பாஸ்டனில் போடுவோம். அந்த பாஸ்டன் ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி ஆடிய அணி. கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸும் அல் ஹார்ஃபர்டும் சென்டர்களாக இருந்துகொண்டே வெளியிலிருந்து போடுவார்கள். ரிங்குக்குப் பக்கத்திலேயே நிற்கும் காஃபர்ட் வந்தால், அவரைக் காக்கும் ஆளும் ரிங்குக்குக் கீழே நிற்பான். ஜேசன் டேட்டமும் ஜேலன் பிரவுனும் ஓட்டிக்கொண்டு போக வழி அடைபடும். தடுப்பாட்டத்திலும் ஸ்கிரீன் வந்தால் பாஸ்டன் ஆட்கள் தாங்கள் காக்கும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். கார்டுகளோடு வெளியே நின்று கால் நகர்த்த டில்மனுக்குத் தெரியும். அகன்ற உடம்பு, தாழ்ந்த இடுப்பு, சூதுவாது தெரிந்த கால்கள். 2023 பிளே-ஆஃபில் மெம்ஃபிஸுக்காக, ஸ்டீவன் ஆடம்ஸ் காயம்பட்டிருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக ஒரு நாள் 22 புள்ளி, 13 ரீபவுண்ட் எடுத்தவர். அன்று அவர் கட்டிப்புரண்டது ஆந்தனி டேவிஸோடு. அதேபோல் டில்மனை டாலஸில் போட்டால் லூகாவின் லாப் காற்றில்தான் போகும். ஆக, விலை வித்தியாசத்தை ஆட்களின் தர வித்தியாசம் என்று படித்தால் தவறாகப் போய்விடுவோம். இரண்டு அணிகள் இரண்டு வேறு வேலைக்கு ஆள் எடுத்தன.

அந்தப் பருவத்தில் பாஸ்டனில் டில்மன் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். பல ஆட்டங்களில் டிராக் சூட்டையே கழற்றவில்லை. அப்புறம் ஏப்ரல் கடைசியில் போர்சிங்கிஸுக்குக் கெண்டைக்கால் தசை பிசகியது. மே மாதம் இண்டியானா தொடரில் கார்னெட்டுக்கு மணிக்கட்டில் அடி. ஹார்ஃபர்டுக்கு 38ஆவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூனில் இறுதித் தொடருக்கு போர்சிங்கிஸ் திரும்பி வந்து, இரண்டாவது ஆட்டத்தில் மறுபடி காலில் காயம்பட்டார். எதிரே நிற்பது டாலஸ், காஃபர்டும் லைவ்லியும்.

மூன்றாவது ஆட்டம், நமக்கு ஜூன் 13 காலை ஆறு மணி. டில்மன் 11 நிமிடம் ஆடினார். 3 புள்ளி, 4 ரீபவுண்ட், 2 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது). அந்த 3 புள்ளியும் மூலையிலிருந்து போட்ட ஒரே ஷாட். அவரை வெளியே விட்டுவிடலாம் என்று டாலஸ் நினைத்த நேரத்தில் விழுந்தது. நான்காவது குவார்ட்டரில் 21 புள்ளி முன்னிலையை டாலஸ் ஒரே ஒரு புள்ளியாகக் குறைத்தது; வயிற்றைப் பிசைந்தது. லூகா ஆறாவது ஃபவுலோடு வெளியேற, பாஸ்டன் 106-99 என்று தப்பியது. ஏழு புள்ளி. டில்மனின் அந்த 11 நிமிடத்தில் பாஸ்டன் தன் ஆட்டத்தைத்தான் ஆடியது. அதே ஆள்மாற்று, அதே ஐந்து பேர் வெளியே. எங்கள் சார் பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

பாஸ்டன் அந்த வருடங்களில் இதைப் பழக்கமாகவே வைத்திருந்தது. 2022 பிப்ரவரியில் ஹூஸ்டனிலிருந்து அதே டைஸைத் திரும்ப அழைத்தார்கள். 2023இல் ஓக்லஹோமாவிடமிருந்து மைக் மஸ்காலா, இரண்டு இரண்டாம் சுற்று பிக்குக்கு. 2024இல் டில்மன். ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரு பெரிய ஆள். வீட்டில் கூரை ஓட்டை இல்லாத வருடமும் மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்றி வைக்கும் பெரியவர்களைப்போல.

டாலஸுக்கும் இதே பாடத்தின் மறுபக்கம் நடந்தது. மினசோட்டாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் மூன்றாவது ஆட்டத்தில் கார்ல்-ஆந்தனி டவுன்ஸின் முழங்கால் லைவ்லியின் தலையில் இடித்தது. நான்காவது ஆட்டத்தில் அவர் இல்லை. டாலஸ் அந்தத் தொடரில் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான், 105-100.

இரண்டாவது சென்டர் இல்லாத அணியை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் 2025 ஏப்ரல் லேக்கர்ஸைப் பாருங்கள். பிப்ரவரியில் லூகாவை வாங்க ஆந்தனி டேவிஸைக் கொடுத்தார்கள். கையில் நம்பக்கூடிய சென்டர் மிஞ்சவில்லை. சார்லட்டின் மார்க் வில்லியம்ஸுக்காக டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் சுற்று பிக், 2030இல் பிக் மாற்றும் உரிமை என்று வாரிக் கொடுத்தார்கள். கெடு பிப்ரவரி 6. மருத்துவப் பரிசோதனையில் திருப்தி இல்லை என்று 8ஆம் தேதி அந்த டிரேடை ரத்து செய்தார்கள். கடை மூடிவிட்டது. விடுவிக்கப்பட்டு வெளியே நின்றவர்களில் அலெக்ஸ் லென்னைச் சேர்த்தார்கள்.

முதல் சுற்றில் மினசோட்டா. நான்காவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி 24 நிமிடமும் லேக்கர்ஸ் ஒரே ஐந்து பேரை வைத்தே ஆடியது. ஒருவரைக்கூட மாற்றவில்லை, அந்த ஐவரில் சென்டர் யாருமில்லை. 40 வயது லெப்ரான் ஜேம்ஸும் அதில் ஒருவர். 116-113, தோல்வி. ஐந்தாவது ஆட்டம் நமக்கு மே தின விடுமுறை நாள் காலையில் நடந்தது. மினசோட்டா சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். பந்து ரிங்கில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் கை மேலே இருந்தது. கீழே லேக்கர்ஸ் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை. ஒரே ஒரு பெரிய டிரேடை நம்பி, அது கலைந்தால் எட்டிப்பிடிக்க இரண்டு மலிவான பெயர்களைத் தயாராக வைக்காமல் விட்டார்களே என்று. லேக்கர்ஸ் அந்த டிரேடைக் கெடுவுக்கு முந்தைய இரவு செய்தது. மூன்று நாள் முன்னால் செய்திருந்தால் பரிசோதனை முடிந்து, வேறு கதவைத் தட்டவாவது நேரம் இருந்திருக்கும்.

மலிவான பெயர்கள் இருந்தன. 2024 அக்டோபர்-நவம்பரில் இண்டியானாவின் இரண்டு மாற்று சென்டர்கள், ஜேம்ஸ் வைஸ்மன், ஐசையா ஜாக்சன், பத்தே நாளுக்குள் இருவருக்கும் குதிகால் தசைநாண் அறுந்தது. டிசம்பரில் அவர்கள் மயாமியிலிருந்து தாமஸ் பிரையன்டை வாங்கினார்கள். கொடுத்தது 2031இல் இரண்டாம் சுற்று பிக்கை மாற்றிக்கொள்ளும் ஓர் உரிமை, அவ்வளவே. மே 31 அன்று நியூயார்க்கை வீழ்த்தி இறுதித் தொடருக்குப் போன ஆட்டத்தில் அதே பிரையன்ட் பெஞ்சிலிருந்து வந்து 11 புள்ளி போட்டார், பெரும்பாலும் மூன்று புள்ளி ஷாட்டுகளாக. வேகமாக ஓடி, இடம் விட்டு நின்று, வெளியிலிருந்து போடும் இண்டியானாவுக்கு அவர் பொருந்தினார். இதே பிரையன்டை 2023இல் டென்வர் மூன்று இரண்டாம் சுற்று பிக் கொடுத்து வாங்கியது. அங்கே முதல் சென்டர் நிகோலா யோகிச் உட்காரும் நிமிடங்களில் அவரால் தடுப்பாட்டத்தைத் தாங்க முடியவில்லை. பிளே-ஆஃபில் அந்த வேலையை ஜெஃப் கிரீனும் ஆரன் கார்டனும் பார்த்தார்கள். ஒரே ஆள்தான். ஓரிடத்தில் மூன்று பிக் வீண். இன்னோரிடத்தில் ஏறக்குறைய இலவசமாக வந்து இறுதித் தொடர் வரை.

என் நோட்டில் நான்காவது பெயர் மிச்சமிருக்கிறது. ஸ்டீவன் ஆடம்ஸ்.

2024 பிப்ரவரி 1 அன்று ஹூஸ்டன் அவரை வாங்கியபோது அவரால் ஓடவே முடியாது. 2023 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை ஆகி, 2023-24 பருவம் முழுக்க வெளியே. விக்டர் ஒலாடிப்போவின் முடியப்போகும் ஒப்பந்தமும் மூன்று இரண்டாம் சுற்று பிக்கும் கொடுத்து, அந்த வருடம் ஒரு நிமிடம்கூட ஆடமாட்டார் என்று தெரிந்தே வாங்கினார்கள். நால்வரில் எனக்கு மிகவும் பிடித்த டிரேட் இதுதான். காயம்படுவதற்கு முன், 2022-23 பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு 5.1 ரீபவுண்டைத் தாக்குதல் பக்கத்தில் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். தன் அணி தவறவிட்ட ஷாட்டை மறுபடி தன் அணியின் கையிலேயே கொடுப்பது அது. ஷாட் துல்லியம் குறைந்த இளம் ஹூஸ்டனுக்கு அதைவிடத் தேவையான வேலை வேறில்லை. ஸ்கிரீன் என்று அவர் நின்றால் சுவர். வெளியே ஒருவரும் எண்ணாத வேலைகள்.

அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 14 நிமிடம் ஆடினார். நான் மேலே போட்ட அதே 14. பிறகு ஹூஸ்டன் பயிற்சியாளர் இமே உடோகா ஒரு காரியம் செய்தார். முதல் சென்டர் அல்பெரன் ஷெங்குனுக்கு மாற்றாக அல்லாமல், அவரோடு சேர்த்தே ஆடம்ஸை நிறுத்தி, ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் சோன் தடுப்பாட்டம் வைத்தார். 2025 பிளே-ஆஃபில் கோல்டன் ஸ்டேட்டுக்கு ரிங்கே தெரியவில்லை.

மே 2, ஆறாவது ஆட்டம், சான் ஃபிரான்சிஸ்கோ. தோற்றால் ஹூஸ்டன் வெளியே. ஆடம்ஸைக் களத்திலிருந்து எடுக்கவைக்க கோல்டன் ஸ்டேட் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் அவர் பலவீனம் ஊரறிந்தது. உடோகா எடுக்கவில்லை. ஆடம்ஸ் போய் நின்று போட்டார், தவறவிட்டார், மறுபடி போட்டார். 16 ஃப்ரீ த்ரோ, 9 விழுந்தது. மொத்தம் 17 புள்ளி. ஹூஸ்டன் 115-107. ஏழாவதில் தோற்றார்கள், அது வேறு.

நமக்கு அது சனிக்கிழமை காலை. ஆட்டம் முடிந்ததும் அண்ணனுக்கு போன் அடித்தேன். இப்போது அவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறார். காலைப் பயிற்சி நேரம், பின்னால் பந்து தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே, ஆடம்ஸைப் பாத்தீங்களா?"

"கோர்ட்லதாண்டா இருக்கேன். போன்ல ஓடவிட்டுப் பசங்களுக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன். எத்தனை நிமிஷம் ஆடினான்?"

"31."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனை வாயிலிருந்து தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே போகச் சொன்னார்.